டெண்ட் போட்டால் செலவு குறையுமா? நியூசிலாந்துக்கு ஒரு ஏழரை லட்சக் கணக்கு

கேள்வி: வயது 41. கோவையில் தனியார் கம்பெனி வேலை, கைக்கு வருவது 1,35,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 38,000, அப்புறம் வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் 25,000 மிஞ்சும். தீபாவளி போனஸ் ஒரு லட்சம் வரும். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6. வரும் மே விடுமுறையில் நியூசிலாந்தின் தென் தீவில் 12 நாள் கேம்பிங் போக ஆசை. ஹோட்டல் செலவு இல்லாததால் ஐந்து லட்சத்தில் முடிந்துவிடும் என்கிறார் ஆக்லாந்தில் இருக்கும் என் சகலை. வங்கியில் 14 சதவீத வட்டிக்கு நான்கு லட்சம் பர்சனல் லோன் தரத் தயாராக இருக்கிறார்கள். மகளின் கல்லூரிக்காகப் போட்டுவரும் மியூச்சுவல் ஃபண்டிலும் நான்கு லட்சம் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டையும் தொடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் சகலையின் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை. அங்கேயே குடியிருப்பவருக்கு கேம்பிங் நிஜமாகவே மலிவு. டெண்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் வீட்டிலேயே கிடக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். நீங்களோ கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக கிறைஸ்ட்சர்ச் போய் இறங்க வேண்டும். கேம்பிங்கில் மிச்சமாவது படுக்கைச் செலவு மட்டும்தான். உங்கள் பயணத்தில் பெரிய செலவு படுக்கை இல்லை, பறப்பது.

கணக்கைப் போடுவோம். நியூசிலாந்து டாலரை 55 ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்கிறேன், ரூபாய் இன்னும் சறுக்கினாலும் தாங்க வேண்டுமே. டிக்கெட் ஆளுக்கு 90,000 என்றால் நான்கு பேருக்கு 3,60,000. மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. டெகாப்போ ஏரி, மவுண்ட் குக் மலை பக்கம் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது சகஜம், ஆறு வயதுப் பையனை வெறும் டெண்ட்டில் படுக்க வைக்க முடியாது. ஆக ஹீட்டர் உள்ள கேம்பர்வேன்தான், அதாவது உள்ளேயே படுக்கையும் அடுப்பும் இருக்கிற வேன். வாடகை நாளுக்கு 140 டாலர், இன்சூரன்ஸுக்கு மேலே 45 டாலர் என்று வைத்தால் 12 நாளுக்கு 2,220 டாலர், அதாவது 1,22,000 ரூபாய். நிறுத்துகிற இடத்துக்கும் காசு உண்டு. மின் இணைப்பு, சுடுதண்ணீர், சமையலறை உள்ள ஹாலிடே பார்க் குடும்பத்துக்கு இரவு 90 டாலர் ஆகும், அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் பலவும் 40 டாலருக்குள் முடியும். மாற்றி மாற்றித் தங்கினால் 11 இரவுக்கு 740 டாலர், 41,000 ரூபாய்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேனும் முகாமும் சேர்ந்து 2,960 டாலர். அதே மே மாதத்தில் சமையல் வசதியுள்ள சாதாரண மோட்டல் அறை இரவுக்கு 190 டாலர், சின்னக் கார் இன்சூரன்ஸோடு நாளுக்கு 70 டாலர் என்று போட்டால் 2,930. முப்பது டாலர் வித்தியாசம், அதுவும் மோட்டல் பக்கம்! வேனில் தூங்கி எழுந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு டீ போட வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள், நானே அந்தக் கட்சிதான். மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். டீசலுக்கும் சாலை வரிக்கும் 33,000 (அங்கே டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டரைப் பொறுத்துத் தனி சாலை வரி உண்டு, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவரும்). காய்கறி, மளிகைக்கு 46,000. விசாவுக்கு, ஆளுக்கு 100 டாலர் வெளிநாட்டுப் பயணியர் வரியையும் சேர்த்து, 60,000 ஒதுக்குங்கள். பயண இன்சூரன்ஸ் 12,000, குளிர் உடைகள் 30,000, மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடல் நுழைவில் படகுச் சவாரி மாதிரியானவற்றுக்கு 40,000. கூட்டினால் 7,44,000 வருகிறது. ஏழரை லட்சம் என்றே வைத்துக்கொள்வோம், வார்த்தையைக் கேட்டு வீட்டில் யாரும் சனீஸ்வரனை நினைத்துப் பயப்படாமல் இருந்தால் சரி.

இப்போது கடன். நான்கு லட்சம், 14 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை மாதம் 13,670 ரூபாய், மொத்த வட்டி 92,000. அதாவது ஐந்தாவதாக ஒரு ஆளுக்கு டிக்கெட் எடுத்துக் கூடவே கூட்டிப்போகிறீர்கள், அந்த ஆள் வட்டி. ஊர் திரும்பி, போட்டோவெல்லாம் போனில் கீழே போன பிறகும், மாதம் மிஞ்சுகிற 25,000இல் பாதிக்கு மேல் தவணைக்கே போகும். மகளின் ஃபண்டோ இன்னும் ஐந்தே வருடத்தில் தேவைப்படும் பணம். இப்போது எடுத்தால் திரும்பப் போடுவோம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். இது செப்டம்பர். அடுத்த வருடத்தை விட்டு அதற்கடுத்த மே வரை 20 மாதம் இருக்கிறது. மாதம் 25,000 ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் ஐந்து லட்சம், ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் இன்னொரு 28,000, நடுவில் இரண்டு தீபாவளி போனஸ். 7,28,000 ஆச்சு, ஏழரை லட்சத்துக்கு இன்னும் 22,000தான் குறை. பங்குச்சந்தை ஃபண்டில் போட்டால் சீக்கிரம் சேராதா என்று கேட்பீர்கள். இருபது மாதப் பணத்துக்கு அது இடமில்லை, டிக்கெட் எடுக்கிற வாரம் பார்த்துச் சந்தை விழுந்தால் என்ன செய்வீர்கள்? மே மாதத்தை மட்டும் மாற்றாதீர்கள். டிசம்பர், ஜனவரி அங்கே கோடைக்காலம், கேம்பர்வேன் வாடகை இரண்டு மூன்று மடங்காகிவிடும். நம் பள்ளி விடுமுறையும் அவர்களுடைய மந்த சீசனும் ஒரே மாதத்தில் வருவது உங்களுக்கு நல்ல யோகம்.

வரும் மேயிலேயே எங்காவது போயாக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் இலங்கைக்குப் போய் வாருங்கள். வில்பத்து, யால காடுகளுக்குள் வனவிலங்குத் துறையின் முகாம் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு எடுக்கிற பணத்துக்கு ஏற்றாற்போல நியூசிலாந்து தள்ளிப் போகும், அதையும் இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கார்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வேன் கம்பெனிகள் பிணைத்தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள், கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் அது 5,000 டாலரைக்கூடத் தாண்டும். என் கார்டில் லிமிட் போதாமல் கவுன்டரில் அரை மணி நேரம் அசடு வழிந்தது இன்னும் நினைவிருக்கிறது. கார்டின் வெளிநாட்டுக் கட்டணம் மூன்றரை சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 4.13, இரண்டு லட்சம் தேய்த்தால் 8,260 ரூபாய். கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை முன்கூட்டியே வாங்குங்கள். மெஷின் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் டாலரையே அமுக்குங்கள். விமானம், வேன் எல்லாவற்றையும் நீங்களே தனித்தனியாக பதிவு செய்தால் டூர் பேக்கேஜுக்கான டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) வராது. ஏஜென்ட் ஒரே பேக்கேஜாகக் கொடுத்தால் பிடிப்பார். அது வருமான வரியில் கழிந்துவிடும், ஆனால் வரி கட்டுகிறவரின் பான் எண்ணில் பில் போடச் சொல்லுங்கள்.

சகலை இன்னொன்றும் சொல்லியிருப்பார், வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்று. அது பழைய கதை. 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். வண்டிக்குள் பொருத்தப்பட்ட கழிப்பறையும் அதற்கான பச்சைச் சான்றும் இல்லாமல் உள்ளாட்சி இடங்களில் இரவு தங்கினால் பல நூறு டாலர் அபராதம் வரும். அனுமதித்த இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். மகனுக்குக் குழந்தை இருக்கையும் கேட்டு வாங்குங்கள், ஏழாவது பிறந்தநாள் வரை அங்கே அது கட்டாயம், நீங்கள் போகும்போது அவன் அதைத் தாண்டியிருந்தாலும் இருப்பது நல்லது. ஊறுகாய், பொடி, பழைய டெண்ட், மண் ஒட்டிய ஷூ எது இருந்தாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். என் மாமியார் கட்டிக் கொடுத்த ஆவக்காய் பாட்டிலை எழுதிக் காட்டினேன், அதிகாரி முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இந்த டிசம்பரில் மலைப்பக்கம் அனுமதி உள்ள இடம் ஒன்றில் டெண்ட் வாடகைக்கு எடுத்து ஒரே ஒரு இரவு குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, குளிரில், பையன் பாத்ரூம் போக வேண்டும் என்று எழுப்புவான். காலையில் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ரெக்கரிங் டெபாசிட்டை ஆரம்பியுங்கள்.