வீடு உங்கள் மனைவியுடையது

கேள்வி: எனக்கு வயது 43. பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் தனியார் தொழிற்சாலையில் 18 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மொத்தம் 30 லட்சம் ஆகும். வீட்டை வைத்துக் கல்விக்கடன் வாங்கப் போகிறேன். மாமனார் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கிக் கொடுத்த வீடு என்பதால், அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா எங்களோடு இருக்கிறார். ஆறு மாதத்தில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். இந்த வயதில் படிக்கப் போவது சரியா?
- வாசகர், திருச்சி

பதில்: வயதுக் கேள்வியை விடுங்கள், தம்பி. இடம் வாங்கிய பிறகு அதைக் கேட்பது தைரியம் சொல்லச் சொல்லிக் கேட்பதுதான். அதை உங்கள் நண்பர்கள் சொல்வார்கள்.

எனக்கு ஆறவில்லை என்றால், அது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். செலவுக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள், ஏஜென்ட் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா?

அந்தக் கையெழுத்து என்ன செய்யும் தெரியுமா? உங்கள் மனைவி இணைக் கடனாளி ஆவார். பத்திரம் வங்கிக்குப் போகும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அதுவரை சும்மா இருக்காது. பிறகு தவணை 90 நாள் நின்றால் அது வாராக்கடன். 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றப் படியேறாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட வங்கியால் முடியும். நோட்டீஸை வாசலில் ஒட்டும்போது நீங்கள் இங்கிலாந்தில் இருப்பீர்கள். கதவைத் திறப்பவர் அவர். உங்கள் அம்மாவும் மகளும் அவருக்குப் பின்னால் நிற்பார்கள்.

ஏஜென்ட் சொன்னது நடக்காது. 2024 ஜனவரி 1 முதல், ஆராய்ச்சிப் படிப்புக்கு வருபவர்களையும் அரசு உதவித்தொகையில் வருபவர்களையும் தவிர மற்ற முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல அங்கே அனுமதி கிடையாது. படிப்பு முடிந்து வேலை தேடக் கொடுக்கும் விசா, 2027 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். மாணவராக இருந்தபோது உடன் இல்லாத குடும்பத்தை அந்த விசாவிலும் புதிதாக அழைக்க முடியாது. நிறுவனம் ஒன்று உங்களை எடுத்து, வேலை விசா கொடுத்தால்தான் வழி. கிடைக்காவிட்டால்? அதற்குள் உங்கள் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை அப்பா இல்லாமல் எழுதி முடித்திருப்பாள்.

இதையெல்லாம் விசாரிக்காமல் கையெழுத்து மட்டும் கேட்கப் போயிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன், நாளைக்கு ஒன்று என்றால் அவளுக்கு ஒரு கூரை இருக்கட்டும் என்றுதான் ஆயுள் சேமிப்பை அவள் பெயரில் போட்டார். அதை அடமானம் வைக்கும் உரிமை கணவனுக்கு இல்லை. மனைவி தாமாக எடுத்துக் கொடுத்தால், இரு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். எதிரே பேனாவை நீட்டிக்கொண்டு நிற்பவரிடம் எத்தனை பெண்களால் முடியாது என்று சொல்ல முடிகிறது? எனக்கு வரும் கடிதங்களில் பாதி, அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் எழுதுவது.

படிப்பு ஆசை நல்லது; அதைக் கைவிடச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசின் செவெனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். உங்களிடம் 18 இருக்கிறது. வயது வரம்பு இல்லை. முடித்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மகள் வளரும் வீட்டுக்கு அது நல்லதே. போட்டி கடுமையானது. இந்த ஆண்டு கிடைத்த இடத்தை விட்டு, அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க நேரலாம். அதனால் என்ன?

அதற்கு முன், கடன் ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தை வங்கியில் வாங்கி வாருங்கள். இரவு மகள் தூங்கியபின் மனைவியோடு உட்கார்ந்து, ஏலம் பற்றிய பத்தி உட்பட முழுவதையும் படித்துக் காட்டுங்கள். யோசிக்க அவர் கேட்கும் நாட்களைக் கொடுங்கள். வேண்டாம் என்றால், அம்மாவை விட்டு மறுபடி கேட்கச் சொல்லாதீர்கள்.