கல்லைப் புரட்டிக் காட்டிய கைடு

கேள்வி: அமெரிக்காவில் ‘ஃப்ளை ஃபிஷிங் கைடு’ என்று ஒரு வேலை இருக்கிறதாமே, மீன் பிடிக்கக்கூடவா வழிகாட்டி வேண்டும்? – ஈரோடு வாசகி

வேண்டும். மொன்டானா மாநிலத்தில் அது உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். அங்கே மேடிசன் ஆற்றில் ஒரு கைடோடு நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறேன். நம் ஊரில் தங்கூஸ், தக்கை, மண்புழு போதும். அங்கே முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி, அதற்கு எடையே கிடையாது, அதனால் கயிற்றையே கனமாகச் செய்து, அந்தக் கனத்தால் வீசுகிறார்கள். இந்த வீச்சைத்தான் சொல்லித் தருவார் என்று நினைத்துப் போனேன். முதல் அரைமணி நேரம் தூண்டிலை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை.

ஆற்றுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினார். அடியில் கறுப்பாய், விரல்நீளத்தில் ஒன்று ஊர்ந்தது. சால்மன்ஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவமாம். மூன்று நான்கு வருடம் தண்ணீருக்கடியிலேயே கிடந்து, ஜூன் கடைசியில், ஜூலை ஆரம்பத்தில் கரையேறி, புதரில் தோலுரித்துச் சிறகு விரித்து, முட்டையிட்டுச் சில நாளில் செத்துவிடும். அந்த நாட்களில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன்களுக்கு விருந்துதான். ஆக, மீன் எதைத் தின்னும் என்பது கல்லுக்கடியில் தெரிந்துவிடும், எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் மேல்பரப்பே சொல்லிவிடும்: வேகமான நீரும் மெதுவான நீரும் உரசுகிற கோட்டில், பாறைக்குப் பின்னால், எதிர்நீரைப் பார்த்தபடி அது காத்திருக்கும், அதிகம் அலையாமலே இரை வாய்க்கு வந்துவிடும் இடம் அது. அப்புறம்தான் வீச்சு. ஓட்டம் கயிற்றை இழுத்து, பூச்சி கொஞ்சம் வேகமாக நகர்ந்தாலும் மீன் தொடாது. எனக்குக் காலை முழுக்க அப்படித்தான் ஆனது. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, தண்ணீரைப் பாருங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேள்வி: இயற்கையிடம் கற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மீன் வாயில் முள்ளைக் குத்துவது சரியா? – மதுரை வாசகர்

நியாயமான கேள்வி. வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுகிறார்கள், கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுகிறார்கள் (காய்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பு போய்விடும்), உடனே விட்டும் விடுகிறார்கள். என்னை அசைத்தது வேறு ஒன்று. வெயில் காலத்தில் நீர் சூடாகிறபோது அதில் ஆக்ஸிஜன் குறையும், அப்போது போராடிய மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அதனால் தொடர்ந்து மூன்று நாள் ஆற்றுநீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பொதுவாகப் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஆற்றில் தூண்டில் போடத் தடை வந்துவிடும். கைடுக்கு அது வருமானம் போகிற நேரம். ஆனாலும் இவர், தடை வருவதற்கு முன்பே தெர்மாமீட்டரைப் பார்த்து மதியத்தோடு நிறுத்திவிடுவாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ணையில் வளர்த்த டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டால்தான் ஆற்றில் மீன் இருக்கும் என்று அங்கே வெகுநாள் நம்பினார்கள். மேடிசனில் ஆய்வு செய்து பார்த்தபோது, விடுவதை நிறுத்தினால் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் பெருகுவது தெரிந்தது. 1974இல் மொன்டானா தன் டிரவுட் ஆறுகளில் மீன் விடுவதைக் கைவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்ததை நிறுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

கேள்வி: எங்கள் மலையில் டிரவுட் உண்டா? பிள்ளைகளுக்குக் காட்டலாமா? – கோத்தகிரி வாசகர்

உண்டு. நீலகிரியின் அவலாஞ்சியில் ஹெச்.சி. வில்சன் என்பவர் 1907இல் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைத்தார், இங்கே இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த ரெயின்போ டிரவுட், குளிர்ந்த நீர் இல்லாமல் வாழாது. ஆனால் பிள்ளைகளுக்கு டிரவுட்டே வேண்டும் என்றில்லை, தூண்டிலும் வேண்டாம். அனுமதி உள்ள ஏதாவது ஓடையில், ஓட்டம் குறைவான இடமாகப் பார்த்து ஒரு கல்லைப் புரட்டச் சொல்லுங்கள். வாலில் இரண்டு மூன்று இழையோடு மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு ஒட்டியிருந்தாலும் இருக்கும். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த மாதிரியே மெதுவாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், அது அந்தக் குஞ்சின் வீடு.