44 பைட்டில் அடங்குமா ஒரு கச்சேரி?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த கர்நாடக இசை சிடிக்கள் 150 இருக்கின்றன. லேப்டாப்பில் போட்டுப் பாட்டுகளை பென்டிரைவுக்கு இழுத்துவிட்டேன். நொடியில் காப்பி ஆனது. காரில் ஒன்றுகூடப் பாடவில்லையே?
– வாசகி, மதுரை

பதில்: பென்டிரைவில் உள்ள ஃபைல்களின் அளவைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 44 பைட்தான் இருக்கும், பெயர் .சிடிஏ என்று முடியும். அது பாட்டு இல்லை. பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விண்டோஸ் எழுதிக் காட்டும் துண்டுச் சீட்டு. ஆடியோ சிடியில் ஃபைல் என்பதே கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்று நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஒலி ஒரே நீளமாகப் பதிந்திருக்கும். அதைப் படித்து ஃபைலாக்குவதுதான் ரிப்பிங்.

விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (இஏசி), மேக் என்றால் எக்ஸ்எல்டி. இரண்டும் இலவச ரிப்பிங் மென்பொருள்கள். சாதாரண பிளேயர்களும் ரிப் செய்யும்தான். கீறல் உள்ள இடத்தை டிரைவ் குத்துமதிப்பாக நிரப்பித் தந்தாலும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும், அதுதான் வம்பு. டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு (தட்டில் உள்ள ஒரு சிறு பகுதிக்கு) 2,048 பைட் தகவல் போக, மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் பிழை திருத்தத்துக்கு. ஆடியோ சிடியில் 2,352 பைட்டும் ஒலிக்கே போய்விடுகிறது.

இஏசியில் எஃப்10 அழுத்தி, செக்யூர் மோடை (சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் முறை) தேர்ந்தெடுத்து, ‘டிடெக்ட் ரீட் ஃபீச்சர்ஸ்’ பட்டனைத் தட்டுங்கள். உங்கள் ரிப்பை மற்றவர்கள் எடுத்த ரிப்களின் டேட்டாபேஸோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் வசதியையும் இயக்கி வையுங்கள். பலரிடம் இருக்கும் ஒரு சிடியைப் போட்டால், உங்கள் டிரைவின் ஆஃப்செட்டை (படிக்கத் தொடங்கும் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை) அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நிறைய டிரைவ்களில் இது +6 ஒலி மாதிரிகள் (சாம்பிள்). காதுக்கு இந்த வித்தியாசம் தெரியாது (நொடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை), ஆனால் மற்றவர்கள் எடுத்த ரிப்போடு உங்களுடையதை ஒப்பிட இது சரியாக இருந்தாக வேண்டும்.

பிறகு ஷிஃப்ட்+எஃப்6. ஒவ்வொரு டிராக்கையும் இருமுறை படித்து, இரண்டு சிஆர்சி எண்களையும் (படித்த தகவலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) லாகில், அதாவது பதிவுக் குறிப்பில், எழுதும். இரண்டும் ஒன்றானால் நிம்மதி. அதிகம் விற்காத சிடிக்கு அக்யூரேட்ரிப்பில் ‘டேட்டாபேஸில் இல்லை’ என்று வரலாம். ரிப் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். அதில் சுருக்கும் லெவல் 5, 8 என்பதெல்லாம் அளவையும் நேரத்தையும்தான் மாற்றும், தரத்தை அல்ல. ஒரு மணி நேர சிடி 300–350 எம்பி பிடிக்கும். 150 சிடியும் 50 ஜிபி சுமாருக்குள் வந்துவிடும். ஒலியளவை மாற்றிவிடும் ‘நார்மலைஸ்’ பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ஒரு சிடியில் ஏழாவது பாட்டில் இஏசி மணிக்கணக்கில் நின்றுவிட்டு, ‘சஸ்பிஷஸ் பொசிஷன்’ (சந்தேகத்துக்குரிய இடம்) என்கிறது. டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீர், மென்மையான பருத்தித் துணி. நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். நேர்க்கீறலை லேசர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணத்தில் தாண்டிவிடும். வட்டக்கீறல் தகவல் ஓடும் திசையிலேயே போவதால் தொடர்ச்சியாகப் பல துணுக்குகள் போய்விடும், பிழை திருத்தம் எடுபடாது.

அடுத்து வேறு டிரைவில் முயலுங்கள். ஒன்று திணறும் தட்டை இன்னொன்று சரளமாகப் படிப்பது சகஜம். யூஎஸ்பி டிரைவ் என்றால் ஹப் வேண்டாம், லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்; பவர் போதாமலும் தடுமாறும். கடைசியாக, தட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் லேபிள் பக்கம் அலுமினியம் உரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் மெல்லிய லாக்கர் பூச்சு மட்டுமே காப்பு. உரிந்துபோன இடத்தில் படிக்க எதுவும் மிச்சமில்லை. பேஸ்ட் எல்லாம் பளபளப்பான பக்கத்து லேசான கீறலுக்குத்தான், அதுவும் வேறு வழியில்லாதபோது.

கேள்வி: ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக். எம்பி3 ஆக்கினால் நடுவில் ‘டப்’ என்று விட்டுப் பாடுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எம்பி3 ஆக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டுவதற்கான குறிப்பை லேம் என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) எழுதி வைத்தாலும், எத்தனையோ கார் பிளேயர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. இஏசியில் ‘காப்பி ரேஞ்ச்’ மூலம் மூன்றையும் ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள். முன்பின் மௌனத்தை வெட்டும் ஆப்ஷனில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘100 பாடல்கள்’ சிடி ஒன்று இருக்கிறது. இதையும் ஃபிளாக் ஆக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 80 நிமிட ஆடியோ சிடியில் 100 முழுப் பாடல்கள் அடங்காது. அது எம்பி3 தட்டு. எம்பி3 ஆக்கியபோதே தூக்கி எறிந்த ஒலி ஃபிளாக் ஆக்கினால் திரும்பி வராது. மதுரை வாசகி செய்தது போல அப்படியே இழுத்துப் போடுங்கள், இதில் அது செல்லும்.