அணைய மறுத்த சூப்பர்நோவா

கேள்வி: வெடித்த விண்மீன் ஒன்று மங்குவதும் மீண்டும் ஒளிர்வதுமாக ஈராண்டுக்கு நெருக்கமாக நீடித்ததாமே! அதற்கு ஆற்றல் எங்கிருந்து கிடைத்தது?

பதில்: நீங்கள் கேட்பது, 2014 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத் தேடலில் சிக்கிய ஐபிடிஎஃப்14எச்எல்எஸ் என்னும் சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) பற்றி என்று கொள்கிறேன்.

ஹைட்ரஜன் மிகுந்த சாதாரண சூப்பர்நோவாவில், வெடிப்பால் சூடேறிய வாயு விரிந்து குளிரும்போது, அயனிகளாகப் பிரிந்திருந்த ஹைட்ரஜன் மீண்டும் அணுவாகி, சிறைப்பட்டிருந்த வெப்பத்தை ஏறத்தாழ 100 நாட்களுக்கு ஒளியாக வெளியிடுகிறது. அதன்பின், 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்கக் கோபால்ட்-56 இரும்பாகச் சிதையும் ஆற்றலே எஞ்சிய ஒளியைத் தாங்குகிறது. இந்த வழியில் ஒளி மங்கத்தான் முடியும், ஏறி இறங்க முடியாது. இதுவோ 600 நாட்களுக்கு மேல், குறைந்தது ஐந்து முறை ஏறி இறங்கியது. அதன் நிறமாலையும் (நிறவாரியாகப் பிரித்த ஒளியும்) வழக்கத்தைவிடப் பத்து மடங்கு மெதுவாகவே மாறியது. வானியலாளர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

மையத்தில் வேகமாகச் சுழலும் காந்த நியூட்ரான் விண்மீன் (வெடிப்பில் எஞ்சிய செறிந்த உள்ளகம்), கருந்துளைக்குள் திரும்பி விழும் பொருள், பெருநிறை விண்மீனில் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் இணைகளாகத் தோன்றித் தூண்டும் தொடர் வெடிப்புகள் எனப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எனக்கு ஏற்புடையதாகப் படுவது, விண்மீன் முன்பே உதறிய வாயு அடுக்குகளில் வெடிப்புச் சிதறல் மோதி, இயக்க ஆற்றல் ஒளியாக மாறியது என்பதே. பிற்கால நிறமாலையில் அத்தகைய மோதலின் தடயங்கள் தெரிந்தன. அதே இடத்தில் 1954-இல் எடுத்த படத்திலும் ஓர் ஒளிப்புள்ளி பதிவாகியிருப்பது, அந்த உதறல்களில் ஒன்றாக இருக்கலாம்.