உயிருக்கு ஏன் ஒரே கை?

கேள்வி: நம் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை என்று படித்தேன். ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரித்தால் இடக்கையும் வலக்கையும் சரிபாதியாகவே கிடைக்கின்றன. உயிரில் மட்டும் இந்தச் சாய்வு ஏன்? இயற்பியலின் அடிப்படை விதிகளில் அதற்குக் காரணம் உண்டா?

பதில்: அடிப்படை விதிகளில் ஒரு சாய்வு உண்மையாகவே இருக்கிறது. உயிரின் சாய்வு அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டும் சான்று இல்லை.

ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமாக இருந்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத இரு கைகளைப் போல, பல மூலக்கூறுகளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. லூயி பாஸ்டர் 1848-ல் டார்டாரிக் அமில உப்பின் இருவகைப் படிகங்களைக் கையாலேயே பிரித்தெடுத்து இந்த ஆய்வுக்கு வழி திறந்தார். புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களில் கிளைசின் ஒன்றுக்குத்தான் இந்த இடவல வேறுபாடு கிடையாது.

இயற்கை இடம் வலம் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கை 1957-ல் உடைந்தது. சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60 அணுக்கருக்களை ஒரே திசையில் நிறுத்திச் சோதித்தபோது, சிதைவில் வெளிப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் சென்றன. அணுக்கருவின் வலுக்குறைந்த விசை இடவலச் சமச்சீரை மீறுகிறது என்பதால், மூலக்கூறின் இரு வடிவங்களின் ஆற்றலும் முற்றிலும் சமமாக இருக்க முடியாது. ஆனால் அந்த வேறுபாடு, சாதாரண அறை வெப்பத்தில் மூலக்கூறுகள் படும் அலைக்கழிப்பை விடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் சிறியது.

ஆகவே சாய்வு எங்கிருந்து தொடங்கியது என்பதை விட, அது எப்படிப் பெருகியது என்பதே முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். ஒரு வடிவம் தன்னைப் போன்றதை உருவாக்கத் துணைநின்று, எதிர் வடிவத்தைத் தடுக்கவும் செய்தால், தற்செயலாக எழும் சிறு மிகுதியே முழு ஆதிக்கமாக வளரும் என்று சார்லஸ் ஃபிராங்க் 1953-ல் கணித வழியாகக் காட்டினார். 1990-ல் திலீப் கொண்டேபுடியும் உடன் ஆய்வாளர்களும் சோடியம் குளோரேட் கரைசலைக் கலக்கியபடியே படிகமாக்கினர். ஒரு முறை ஏறத்தாழ எல்லாப் படிகங்களும் இடவகையாகவும், மற்றொரு முறை வலவகையாகவும் அமைந்தன. 1995-ல் கென்சோ சோவாய் குழு, சிறிய மிகுதியைத் தானே பெருக்கிக்கொள்ளும் வேதிவினை ஒன்றை வெளியிட்டது. அது ஆதிப் பூமியின் நீர்ச்சூழலில் நடக்கக்கூடிய வினை அன்று என்றாலும், பெருக்கம் சாத்தியம் என்பதில் பிறகு ஐயம் இல்லை.

தொடக்க விதை விண்வெளியிலிருந்து வந்தது என்போர், 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தின் இடவடிவம் மிகுந்திருப்பதைச் சுட்டுகின்றனர். ஆனால் பென்னு சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணில், 2025-ல் வெளியான ஆய்வின்படி, அமினோ அமிலங்களின் இரு வடிவங்களும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

செவ்வாயிலோ, வியாழனின் நிலவான யூரோப்பாவிலோ வலக்கை அமினோ அமிலங்களால் ஆன உயிரின் சுவடு கிடைத்தால், தற்செயல் என்ற விளக்கம் மிகவும் வலுப்பெறும். இடக்கையாகவே இருந்தால் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. குறிப்பாகச் செவ்வாயில் கிடைப்பது, விண்கற்களோடு பூமியிலிருந்து சென்ற உயிராகவும் இருக்கலாம்.