குருவைச் சோதித்தால் பாவமா?

கேள்வி: அப்பா இறந்ததிலிருந்து அம்மா, பக்கத்து ஊரில் வந்து தங்கியிருக்கும் ஒரு சாமியாரிடம் வெள்ளிக்கிழமை தோறும் போகிறார். தீட்சை தருவதற்கு 75,000 ரூபாவும் இரண்டு பவுண் சங்கிலியும் கேட்டிருக்கிறாராம். பிள்ளைகளிடம் சொன்னால் பலிக்காதாம், சந்தேகப்பட்டால் குரு நிந்தையாம். உண்மையான குருவை எப்படி அறிவது? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: மகள், தீட்சைக்கு விலை சொன்னதும் பிள்ளைகளுக்கு மறைக்கச் சொன்னதுமே எனக்குப் போதும். ஆளைப் பார்க்காமலே வேண்டாம் என்பேன். ஆனால் அம்மாவுக்கு அது போதாது. அவரைப் பிடித்து வைத்திருப்பது குரு நிந்தை என்ற பயம். முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் கையில் சமித்தோடு, அதாவது வேள்விக் குச்சிகளோடு, பிப்பலாத முனிவரிடம் வருகிறார்கள். அவர் உடனே உபதேசம் செய்யவில்லை. இன்னும் ஓராண்டு இங்கே தவத்தோடு இருங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், எமக்குத் தெரிந்தால் எல்லாம் சொல்கிறோம் என்கிறார். இந்த இடத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். முனிவரே ‘தெரிந்தால்’ என்கிறார். உங்கள் சாமியார் எதற்காவது ‘தெரியாது’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இராமகிருஷ்ணர் காசைத் தொட மாட்டார் என்பது மெய்தானா என்று பார்க்க, நரேந்திரன் அவருடைய படுக்கைக்குக் கீழே ஒரு நாணயத்தை ஒளித்து வைத்த கதையும் தெரிந்ததுதான். உட்கார்ந்தவர் சுட்டதுபோல எழும்பினார். சோதித்த பிள்ளையைத் துரத்தவில்லை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் விவேகானந்தர்.

சரி, எதைப் பார்ப்பது? நூலறிவு உள்ளவர், பிரம்மத்தில் நிலைத்தவர் என்று முண்டக உபநிடதம் இரண்டு தகுதி சொல்கிறது. இரண்டாவதை நாம் அளக்க முடியாது. அதனால் வெளியே தெரிவதைக் கேளுங்கள்: யாரிடம் படித்தார்? யார் தீட்சை கொடுத்தார்? காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்தரிடம் இதைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் வந்திருக்கும். 1924இல் அவருக்குத் துறவு தந்தவர் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தர். கல்லடி உப்போடைப் பள்ளிக்கூடத்துக்கும் தன் பெயரை வைக்காமல் குருவின் பெயரைத்தான் வைத்தார். ‘இமயமலையில் ஒரு சித்தர் கனவில் வந்தார்’ என்ற பதிலை யார் போய் விசாரிப்பது? கையில் திருநீறு வரவழைப்பதும் நடந்ததைச் சொல்வதும் இந்தக் கணக்கிலேயே சேராது.

இரகசியம் என்ற பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மந்திரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது உண்மையான மரபு. ஆனால் தீட்சை பெறுவதையே வீட்டுக்கு மறைக்க வேண்டும் என்று மரபில் இல்லை. சைவ ஆசாரியர்கள் கோயிலில் பலரை ஒன்றாக வைத்தே சமய தீட்சை கொடுக்கிறார்கள். தட்சணையும் உண்டு, வெற்றிலையில் வைத்து இயன்றதைக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையே நிறுத்திக் கணக்குக் கேட்கிற சனம், காவியைக் கண்டதும் ஏன் வாயை மூடுகிறதோ!

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். துணையை இழந்தவருக்குப் பேச்சுக்கு ஆள் தேவை, அங்கே போவதும் அதற்காகத்தான் இருக்கும். அடுத்த வெள்ளி நீங்களும் கூடப் போய் மரியாதையாக மூன்று விசயம் கேளுங்கள். உங்கள் குரு யார்? தட்சணையை எங்கள் வசதிப்படி தரலாமா? தீட்சையின்போது நானும் இருக்கலாமா? சாபம் விடுவேன் என்று வெருட்டினாலோ, தனியாக வரச் சொன்னாலோ அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள்.

தீட்சை பெறும் ஆசை அம்மாவுக்கு உண்மையிலேயே இருந்தால் உங்கள் ஊர்க் கோயில் குருக்களிடம் பேசுங்கள். கல்லடி இராமகிருஷ்ண மிஷனுக்கும் கூட்டிப் போகலாம். அதுவரை சங்கிலி வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றால், கொடுத்த நாள், தொகை, பார்த்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். சாமியார்கள் ஊர் மாறுவதற்கு நேரம் எடுப்பதில்லை, ஆகவே இந்தக் கிழமையே போங்கள்.