பழைய அம்பாசடர் இன்ஜினை அப்படியே எடைக்குப் போடுவதா, பிரித்து விற்பதா?

பாடி துருவேறி வீணாகிவிட்டது, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் மட்டும் ஷெட்டில் கிடக்கிறது, அதை அப்படியே காயலான் கடைக்குப் போடலாமா, உலோகம் உலோகமாகப் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உதகைப் பக்கம், நான் குன்னூர். எங்கள் குடும்பத்துக்குப் பட்டறை இருப்பதால் இந்த வேலையைப் பார்த்தும் செய்தும் பழக்கம் உண்டு.

இரும்பை இரும்பாகவே விட்டுவிடுங்கள். அதோடு ஒட்டியிருக்கும் செம்பு, பித்தளை, அலுமினியத்தை மட்டும் கழற்றுங்கள். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஆயிலை வடித்தாக வேண்டும். வரப்போகும் பணத்தைவிட இது எனக்கு முக்கியமாகப் படுவதால் இதையே முதலில் சொல்கிறேன்.

பழைய ஆயிலில் தேய்ந்த பேரிங்கின் உலோகத் துகள்களும் எரிந்த பெட்ரோலின் கசடும் கலந்திருக்கும். இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் நின்றது. அதற்கு முன் ஓடிய இன்ஜின் என்றால் அந்தக் கசடில் ஈயமும் இருக்கலாம். மலையில் ஒருவர் கொட்டுவது அவர் வாசலோடு நிற்பதில்லை. கீழே கேரட் பாத்தி, அதற்குக் கீழே ஊற்று, அதற்கும் கீழே ஓடை. குன்னூர் ஆறும் குந்தா ஆறும் பவானியில் சேர்கின்றன. உதகைக்கு வடக்கே இறங்கும் தண்ணீர் மோயாற்றில் விழுகிறது. அதுவும் பவானிசாகரில் பவானியோடுதான் கலக்கிறது. நீங்கள் எந்தச் சரிவில் ஊற்றினாலும் பவானித் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கே அது போகும்.

ஆகவே சம்ப்பின், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியின், அடித்திருகைக் கழற்றி ஓர் இரவு முழுக்க வடிய விடுங்கள். ஃபில்டரையும் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். வடிந்ததை மூடியுள்ள கேனில் தண்ணீர் படாமல் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் பழைய ஆயில் அனுப்பும் பட்டறையில் கொடுங்கள். வேலிக் கம்பத்தில் கரையான் ஏறாமலிருக்கப் பூசுகிறேன் என்று யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். முதல் மழையிலேயே அது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். உறைபனிக்குப் பயந்து ரேடியேட்டர் தண்ணீரில் கூலன்ட் என்ற திரவம் ஊற்றியிருந்தால் அதையும் தனியாகப் பிடித்து, அதே பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும். நக்கினால் சிறுநீரகம் பழுதாகி இறந்துவிடும்.

அடுத்தது, இது உண்மையிலேயே உருக்க வேண்டிய இன்ஜின்தானா என்று பாருங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. விரிசல் இல்லாத ஹெட் (இன்ஜினின் மேல்மூடி), இன்னும் ஒருமுறை கிரைண்டிங் தாங்கக்கூடிய கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஒழுங்கான கார்புரேட்டர் ஆகியவற்றைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டி பராமரிக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு, அவர் வேண்டாம் என்றபின் எடைக்குப் போடுங்கள்.

இந்த இன்ஜினில் பிளாக் எனும் அடி உடல், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. அலுமினியத்தில் ஹெட் வந்த பத்மினி கார் என்றால் ஹெட்டைத் தனியாகக் கழற்றி விற்கச் சொல்வேன். உங்களுடையதில் அதற்கு அவசியம் இல்லை. சம்மட்டியால் பிளாக்கை உடைக்கும் ஆசை சிலருக்கு வரும். வார்ப்பிரும்பு வளையாது, சிதறும். சில்லு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். உடைத்துக் கொடுப்பதால் கிலோவுக்குப் பெரிதாக எதுவும் ஏறப்போவதில்லை.

பணம் மற்றதில் இருக்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் சில மடங்கு விலை, செம்பு அலுமினியத்தைப்போலச் சில மடங்கு. ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் டைனமோவிலும் செம்புச் சுற்று இருக்கிறது. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. நல்ல விலை போகும். அதன் மூட்டுகளில் ஈயப் பற்றாசு இருப்பதால் வீட்டில் சூடாக்கிப் பிரிக்க வேண்டாம். பிஸ்டன்கள் அலுமினியம். அவற்றில் உள்ள இரும்புப் பின்னைத் தட்டி எடுத்து ரிங்குகளையும் கழற்றினால்தான் சுத்த அலுமினியமாக எடை போடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு காந்தம் போதும். அலுமினியத்தைத் தனியாகச் சேர்ப்பதில் எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு. தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதத்திலேயே பழையதை உருக்கி மீண்டும் பயன்படுத்திவிடலாம்.

வயரைத் தீயில் போட்டுச் செம்பு எடுக்காதீர்கள். குளிருக்கு மூட்டிய நெருப்பில் இதைச் செய்கிறார்கள், பக்கத்தில் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிவிசி எரிந்து வரும் புகை நஞ்சு. கத்தியால் உரித்தால் போதும், அல்லது வயராகவே விற்றுவிடுங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய தகடான பழைய கேஸ்கெட்டிலும் கவனம் தேவை. அந்தக் காலத்தில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிஸ்டனுக்காக ஹெட்டைத் திறந்தால் கேஸ்கெட்டை நன்றாக நனைத்து, சுரண்டாமல் முழுதாக எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். ஷெட்டின் உத்தரத்தில் செயின் பிளாக் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) கட்டாதீர்கள். தகரக் கூரைக்காக வைத்த மரம் இதைத் தாங்காது. அதைத் தொங்கவிடும் மூன்று கால் இரும்புத் தாங்கியை வாடகைக்கு எடுங்கள். மலையில் இருக்கும் கடையைவிட மேட்டுப்பாளையத்தில் விலை சற்றுக் கூடும், ஏனென்றால் கடைசியில் இந்த இரும்பு போகும் இடம் பெரும்பாலும் கோவை ஃபவுண்டரிதான். அங்கே மோட்டார் பம்பின் உடலாக வார்க்கப்படும். ஆனால் ஓர் இன்ஜினுக்காகத் தனி வண்டி பிடித்தால் லாபம் வாடகைக்கே போய்விடும். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாக இறங்கும் வண்டி கிடைத்தால் மட்டும் அனுப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உருளாதபடி தரையோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஓட முடியாத நிலைக்கு வண்டி போய்விட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். இன்ஜின் நம்பரைத் தேய்க்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரர் தரும் ரசீதிலும் அந்த நம்பரை எழுதி வாங்குங்கள்.